ஏக்கருக்கு எத்தனை புசல்? நாட்டுப் புள்ளிவிபரத்துக்குள் இருக்கும் கணக்கு

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை தொடங்கியிருந்த நேரம். வெட்டு மெசின் இறங்குவதற்கு முன்பு விளைச்சலை அளக்க வந்த ஓர் உத்தியோகத்தர் வரம்பில் காலடியால் எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போனார். நீளப்பக்கம் 96 எட்டு, அகலப்பக்கம் 41 எட்டு. பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். வரிசை வரிசையாக இலக்கங்கள் அச்சடித்த தாள். அதிலிருந்து வந்தவை 63, 5. மூலையிலிருந்து நீளத்தில் 63 எட்டு நடந்து, அங்கிருந்து வயலுக்குள் 5 எட்டு இறங்கி முளை அடிக்க வேண்டும். வெட்டி நிறுத்துப் பார்க்கும் சிறு துண்டு அங்கேதான்.

இறங்கிப் பார்த்தால் நெல் மெலிந்து, இடையில் கோரை எட்டிப் பார்க்கிற இடம். வயற்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன தம்பி, போயும் போயும் இந்த இடமா கிடைச்சது? நடுவில பாருங்கோ, கதிர் தலை சாய்ஞ்சு நிக்குது. அதை வெட்டுங்கோவன்."

"இடம் பார்க்கிற வேலை எனக்கில்லை ஐயா. தாள் சொல்ற இடத்திலதான் வெட்டலாம்."

நாட்டுப் புள்ளிவிபரத்தில் கணிதத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கோரை முளைத்த இடம்தான் நினைவுக்கு வரும். கூட்டிப் பெருக்கி வகுப்பதெல்லாம் கடைசியில் வருவது. அதை இப்போது கணினி பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்பே கணிதம் செய்துவிடுகிற வேலை ஒன்று உண்டு. எதை அளப்பது என்று முடிவெடுக்கும் உரிமையை மனிதரின் கண்ணிலிருந்தும் மனதிலிருந்தும் அது பிடுங்கிக்கொள்கிறது.

அந்தத் தாளில் இருந்தவை எழுமாற்று இலக்கங்கள். பாடசாலையில் 'எழுமாற்று' என்ற சொல்லைப் படித்தவர்கள் பலர், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுப்பது என்றே நினைத்திருப்பார்கள். அப்படியல்ல. கண்ணை மூடினாலும் கை நடுவயலுக்குத்தான் போகும். எழுமாற்று என்றால், வயலின் ஒவ்வோர் இடமும் தெரிவாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. வரம்போரமும் நடுவயலும் அந்தச் சீட்டில் சமம். இப்படிப் பல நூறு வயல்களில் வெட்டும்போது சில இடம் கோரையில் விழும், சில இடம் கொழுத்த கதிரில் விழும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிச் சராசரி உண்மைக்கு அருகில் வந்து நிற்கும். வயற்காரர் சொன்னபடி எல்லோரும் நல்ல இடத்தையே வெட்டினால் ஆயிரம் வயல் வெட்டினாலும் ஈடுகட்ட எதுவும் இருக்காது. பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும்.

சரி, முளை அடித்துக் கயிறு கட்டியாயிற்று. கணக்கை எளிதாக்க, அந்தத் துண்டு ஒரு பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். துண்டில் வெட்டி அடித்துத் தூற்றிய நெல் 12 கிலோ இருந்தால் ஏக்கருக்கு 1,920 கிலோ. ஆனால் அது ஈர நெல். ஈரப்பதன் 22 வீதம் என்றால், அதை 14 வீத ஈரப்பதனுள்ள காய்ந்த நெல்லாக மாற்ற 78ஐ 86ஆல் வகுத்த விகிதத்தால் பெருக்க வேண்டும். 1,920 கிலோ ஏறத்தாழ 1,741 கிலோவாக இறங்கும். ஒரு புசல் ஏறத்தாழ 20.87 கிலோ என்று வகுத்தால் ஏக்கருக்கு 83 புசல். ஈரத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் 92 புசல் என்று எழுதியிருப்போம். ஒன்பது புசல் வெறும் தண்ணீர்.

இதைவிடச் சுவாரசியமான பிழை கயிற்றில் இருக்கிறது. கயிறு ஒரு நெற்பயிரின் மேலேயே போகிறது. அது உள்ளேயா வெளியேயா? அரிவாள் பிடித்தவருக்கு விட்டுவிட மனம் வராது, சேர்த்து வெட்டிவிடுவார். நாலு பக்கமும் மூன்று அங்குலம் இப்படிச் சேர்ந்தால் பதினாறரை அடிச் சதுரம் பதினேழு அடிச் சதுரமாகிவிடும். 272.25 சதுர அடிக்குப் பதில் 289. விளைச்சல் 6 வீதம் கூடிக் காட்டும். இப்போது நேரத்தை மிச்சம் பிடிக்கத் துண்டை இரண்டடிச் சதுரமாகச் சுருக்கினோம் என்று வையுங்கள். அதே மூன்று அங்குலப் பிழை அதை இரண்டரை அடிச் சதுரமாக்கும். 4 சதுர அடிக்குப் பதில் ஆறேகால், அதாவது 56 வீதம் கூடுதல்! அரிவாளும் கையும் மாறவில்லை. துண்டு சிறுக்கச் சிறுக்கப் பரப்பைவிட ஓரம் பெரிதாகிறது, அவ்வளவுதான்.

இதை நான் விளையாட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்தின் பயிர் அளவீடுகளில் சிறிய துண்டுகளை நிறைய வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியலாளர், துண்டு சிறியதாக இருந்தால் விளைச்சல் மிகைப்படும் என்று வாதாடினார். 1940களில் இருவருக்கும் இடையே நடந்த வாதம் புள்ளிவிபரவியலில் பேர்போனது. இரண்டு பெரிய மூளைகள் கயிற்றின் மேல் நின்ற ஒரு நெற்பயிருக்காகச் சண்டை பிடித்தன என்று நான் சொல்வதுண்டு. ஒரு நாட்டுக்கு எவ்வளவு அரிசி இறக்குமதி செய்வது என்ற முடிவு அந்தப் பயிரில் தொங்குகிறபோது சண்டை பிடிக்கத்தான் வேண்டும்.

ஒரு வயலிலிருந்து மாவட்டத்துக்குப் போவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால் சரி. திருகோணமலை மாவட்டம் அப்படி வேகிற பானையல்ல. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலும் மழையை நம்பி விதைக்கிற மானாவாரி வயலும் ஒன்றாகுமா? ஆகவே முதலில் வயல்களைப் பாசன வகைப்படி பிரித்துவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனித்தனியாகச் சீட்டுப் போடுவார்கள். இதற்குப் படையாக்கம் என்று பெயர். எந்தப் பிரிவில் விளைச்சல் வயலுக்கு வயல் அதிகம் மாறுகிறதோ அங்கே அதிகம் வெட்ட வேண்டும். எல்லா வயலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளைகிற பிரிவில் கொஞ்சம் வெட்டினால் போதும். எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்று சூத்திரமாகவே தந்தவர் போலந்தைச் சேர்ந்த நெய்மன், 1934இல்.

ஆட்களையும் வீடுகளையும் அளப்பதும் இதே வழியில்தான். அங்கே கூடுதலாக ஒரு விஷயம் வரும், அதுதான் நிறை. ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் கற்பனை. திருகோணமலைப் 'பட்டினமும் சூழலும்' பிரிவில் 20,000 வீடுகள், வெருகல் பிரிவில் 4,000 வீடுகள். இரண்டிலும் 20 வீடு வீதம் எடுத்து, வீட்டில் கணினி இருக்கிறதா என்று கேட்டோம். பட்டினத்தில் 10 வீட்டில் இருந்தது, வெருகலில் 4 வீட்டில். மொத்தம் 40 வீட்டில் 14, அதாவது 35 வீதம் என்று எழுதினால் பிழை. பட்டினத்தில் நாம் தட்டிய ஒவ்வொரு கதவும் 1,000 வீடுகளுக்காகப் பேசுகிறது, வெருகலின் ஒவ்வொரு கதவும் 200 வீடுகளுக்காக. 10 ஆயிரங்களும் 4 இருநூறுகளும் சேர்ந்தால் 10,800. 24,000 வீடுகளில் அது 45 வீதம். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவரிடம் "என்ர வீட்டை மட்டும் கேட்டு என்ன காணப்போறீங்கள்?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் அன்று ஆயிரம் வீட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

அப்படியானால் எத்தனை கதவு தட்டினால் போதும்? இங்கேதான் கணிதம் பலரும் நம்பாத ஒன்றைச் சொல்கிறது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு, எழுமாற்றாக எடுத்த 100 பேரிடம் கேட்டால் விடை ஏறத்தாழ 10 வீதம் அங்குமிங்கும் போகலாம். 400 பேரிடம் கேட்டால் 5 வீதம். 10,000 பேரிடம் கேட்டால் 1 வீதம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் பிழை குறைகிறது; பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு கதவு தட்ட வேண்டும். ஊரில் எத்தனை இலட்சம் பேர் என்பது இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. மூன்றரை இலட்சம் பேருள்ள மாவட்டத்துக்கும் இரண்டு கோடிப் பேருள்ள நாட்டுக்கும் தேவைப்படும் மாதிரி ஒரே அளவு!

நல்ல செய்தி போலத் தெரியும், திருப்பிப் பார்த்தால் கசக்கும். நாடு முழுவதுக்கும் போதுமான மாதிரியை 25 மாவட்டங்களுக்குப் பங்கு போட்டால் ஒரு மாவட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் திருகோணமலையின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் பிரித்தால் கைப்பிடியளவு வீடுகள்தான் மிஞ்சும். அதனால்தான் மாவட்டத்துக்கு நம்பக்கூடிய எண் கிடைக்கும், கிண்ணியாவுக்கோ குச்சவெளிக்கோ தனியாகக் கேட்டால் தயங்குவார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் "எங்கட பிரிவுக்கு எவ்வளவு எண்டு ஏன் மறைக்கினம்?" என்று கோபப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் மறைப்பதில்லை. சொன்னால் பிழையின் அளவு எண்ணையே விழுங்கிவிடும்.

சராசரி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி இலங்கையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. இரண்டும் உண்மை. இடை என்பது எல்லா வருமானத்தையும் ஒரே பெட்டியில் கொட்டிச் சமமாகப் பிரித்தால் கிடைப்பது. இடையம் என்பது எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். வரிசையின் மேல்நுனியில் நிற்கும் சிலருடைய பணம் இடையைத் தூக்கிவிடும், இடையத்தை அசைக்காது. இரண்டுக்கும் இடையே 23,000 ரூபா வித்தியாசம் இருக்கிறது என்பதே ஒரு தகவல். மேடையில் ஒருவர் 'சராசரி வருமானம்' என்று சொன்னால் எந்தச் சராசரி என்று கேட்கிற பழக்கம் எனக்கு இந்த இரண்டு எண்களிலிருந்து வந்தது.

விலைவாசிக்கு வருவோம். ஒரு வீட்டில் மாதம் 10,000 ரூபாவுக்கு நாலு விதச் சாமான்கள் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அரிசிக்கு 4,000, மீனுக்கு 3,500, தேங்காய்க்கு 1,500, சவர்க்காரத்துக்கு 1,000. அடுத்த வருடம் அரிசி 10 வீதம், மீன் 40 வீதம், தேங்காய் 20 வீதம் ஏறின. சவர்க்காரம் ஏறவில்லை. நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் பதினேழரை வீதம். ஆனால் கையிலிருந்து போன பணத்தைப் பாருங்கள்: அரிசிக்கு 400, மீனுக்கு 1,400, தேங்காய்க்கு 300, மொத்தம் 2,100 ரூபா கூடுதல். ஆகவே விலையேற்றம் 21 வீதம். அடிப்படை வருடம் 100 என்றால் சுட்டெண் இப்போது 121. பழைய கூடையைப் புதிய விலையில் வாங்கிப் பார்க்கும் இந்த முறையை ஜெர்மனியின் லஸ்பெயர்ஸ் 1871இல் எழுதினார். இலங்கையின் முதல் குடித்தொகை மதிப்பும் அதே 1871இல்தான் நடந்தது. தொடர்பு ஒன்றும் இல்லை, எனக்கு நினைவில் வைக்க வசதி.

இந்தக் கூடைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாரை மீன் விலை ஏறினால் நாங்கள் சாளைக்கு மாறிவிடுவோம். கூடை மாறாது, பாரையையே வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சுட்டெண் உண்மையான செலவைவிடக் கொஞ்சம் மிகைப்படும். இடையிடையே கூடையைப் புதுப்பிப்பது இதற்காகத்தான். அடுத்தது, செய்தியில் அடிக்கடி வரும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் திருகோணமலைச் சந்தை இல்லை. எல்லா மாகாணங்களையும் சேர்ப்பது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்.

வீதத்தை வாசிப்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். கொழும்புச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை 169 ரூபா 80 சதம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது. கூடை 100க்குத் திரும்பியதா? இல்லை. 169.80இன் மேல் இன்னும் 1.3 வீதம், ஏறத்தாழ 172 ரூபா. (இடையில் அடிப்படை வருடம் மாறியதால் இது கிட்டத்தட்ட ஒரு கணக்குத்தான்.) 2024 செப்டெம்பரில் வீதம் பூச்சியத்துக்குக் கீழே, மறை 0.5க்குப் போனது, கூடை 171 ரூபா. படி ஏறும் வேகம் குறைந்ததை மாடியிலிருந்து இறங்கிவிட்டதாக எண்ணியதால்தான் அன்று தேநீர்க்கடைகளில் அவ்வளவு வாக்குவாதம்.

ஏன் போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள்? எங்கள் கரையில் இதற்கு விளக்கமே தேவையில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும், மீன் விலை ஏறும். கடல் அமரும்போது இறங்கும். மார்கழியை ஆவணியோடு ஒப்பிட்டால் நாம் அளப்பது பொருளாதாரத்தை அல்ல, காற்றை.

வேலையின்மை வீதமும் ஒரு பின்னம்தான். மேலே வேலையற்றோர், கீழே வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொழிற்படை. கேட்கப்பட்ட வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது உழைத்தவர் வேலையுள்ளவராகவே எண்ணப்படுவார். 100 பேருள்ள தொழிற்படையில் 6 பேர் வேலையற்றோர் என்றால் 6 வீதம். அதில் மூன்று பேர் அலுத்துப்போய் வேலை தேடுவதையே விட்டுவிட்டால் அவர்கள் தொழிற்படையிலேயே இல்லை. மேலே 3, கீழே 97. வீதம் 3.1. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, வீதம் பாதியாகிவிட்டது. இந்த வீதத்தை வாசிக்கும்போது தொழிற்படையின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் ஒன்றும் விளங்காது.

கடைசியாகக் குடித்தொகை மதிப்பு. எல்லோரையும் ஒவ்வொருவராக எண்ணுவதில் மாதிரியும் இல்லை, நிகழ்தகவும் இல்லையே, அங்கே கணிதம் எதற்கு? எண்ணும்போதும் ஆட்கள் தவறிப்போவார்கள். எத்தனை பேர் தவறினார்கள் என்று அறிய ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒரு கிராமத்தில் முதல் கணக்கெடுப்பில் 180 பேர். சில கிழமை கழித்து வேறு ஆட்கள் போய், முதல் பட்டியலைப் பார்க்காமல், எழுமாற்றாக எடுத்த வீடுகளில் 100 பேரை எழுதுகிறார்கள். அந்த 100 பேரில் 90 பேர் முதல் பட்டியலிலும் இருக்கிறார்கள். அப்படியென்றால் முதல் பட்டியல் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறது. உண்மைத் தொகை 180ஐ 0.9ஆல் வகுக்க வரும் 200. காணாத 20 பேரைக் காணாமலே எண்ணிவிட்டோம். இரண்டு முறையும் பூட்டியே கிடந்த வீடு மட்டும் இந்த வலைக்குள்ளும் அகப்படாது.

இதன் மூதாதை பிரான்சின் லப்லாஸ். 1802இல் சில ஊர்களில் மட்டும் ஆட்களை எண்ணச் செய்து, அங்கே ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28 பேர் சொச்சம் என்று விகிதம் கண்டு, நாடு முழுவதன் பிறப்புப் பதிவுகளை அதனால் பெருக்கினார். அவர் அதோடு நிற்கவில்லை, தன் விடை எவ்வளவு பிழைக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டார். அந்த இரண்டாவது கணக்குக்காகத்தான் அவரைப் புள்ளிவிபரக்காரர்கள் இன்னும் நினைக்கிறார்கள்.

இலங்கையில் 2012இல் 2,03,59,439 பேர். 2024 டிசம்பரில், தொகைமதிப்பின் முதற்கட்ட முடிவுகளின்படி, 2,17,63,170 பேர். கூடியது 14 இலட்சம், ஏறத்தாழ 7 வீதம். பன்னிரண்டே முக்கால் வருடங்கள். வட்டிக்கு வட்டி போல வளர்ச்சியும் தன்மேல் தானே ஏறுவதால் கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டு வீதம் 0.5 சொச்சம் என்று வரும்.

எங்கள் மாவட்டத்துக்கு அதே கணக்கைப் போடப் போனால் நடுவில் ஓர் ஓட்டை. 1981இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர். 1991இல் நாட்டிலேயே தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் முழுமையாக முடிந்தது 18 மாவட்டங்களில் மட்டும். போர் நடந்த ஏழில் திருகோணமலையும் ஒன்று. அடுத்த முழு எண் 2012இல்: 3,79,541.

2001இல் எத்தனை பேர் இருந்தோம்? இரண்டு நுனிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் ஏறத்தாழ 3,35,700 என்று வருகிறது. கூட்டுவட்டி வளைவால் இணைத்தால் ஏறத்தாழ 3,30,000. இரண்டு வரைகளும் இடம்பெயர்ந்து போனவர்களையும் திரும்பி வந்தவர்களையும் 2004 டிசம்பர் 26ஐயும் அறியாதவை. நடுவில் நிற்கும் 5,700 பேருக்கு வீடில்லை, கதவில்லை, கிராம உத்தியோகத்தரின் கொப்பியில் பெயரில்லை. பென்சிலை நான் எப்படி இழுத்தேன் என்பதில் பிறந்தவர்கள் அவர்கள்.